ஊசியை நிறுத்தவா, தொடரவா? கொரோனாவும் அழற்சிக் குடல் நோயும்: ஒரு நிகழ்வு ஆய்வு

2020 மார்ச் மாதத்தில் குடல் மருத்துவர்களிடம் பல நாடுகளிலிருந்தும் ஒரே கேள்விதான் வந்துகொண்டிருந்தது. “டாக்டர், அடுத்த ஊசியைப் போட்டுக்கொள்ளவா, வேண்டாமா?”

கேட்டவர்கள் கிரோன் நோய், அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்ற இரண்டு அழற்சிக் குடல் நோய்களில் ஒன்று உள்ளவர்கள். அவர்களில் பலர் எட்டு வாரத்துக்கு ஒருமுறை மருத்துவமனைக்குப் போய், ஓரிரண்டு மணி நேரம் உட்கார்ந்து இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற மருந்தை நரம்பில் ஏற்றிக்கொண்டு வருபவர்கள். அந்த மருந்து நோய் எதிர்ப்புச் சக்தியின் ஒரு பகுதியை அடக்கி வைக்கும். வெளியே புதிதாக ஒரு கிருமி பரவுகிறது. ஊசி போடும் மருத்துவமனையிலேயே அந்தக் கிருமி தொற்றியவர்களும் படுத்திருக்கிறார்கள். போனால் தொற்றுமோ என்ற பயம், போகாவிட்டால் குடல் மறுபடி புண்ணாகிவிடுமோ என்ற பயம். இந்தக் கேள்விக்கு அன்றைக்கு எந்த மருத்துவரிடமும் உறுதியான பதில் இல்லை. அந்தப் பதில் எப்படிக் கிடைத்தது, கிடைத்தபோது எது தலைகீழாக மாறியது என்பதுதான் இந்த ஆய்வு.

பயம் எங்கிருந்து வந்தது

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அழற்சிக் குடல் நோய் என்பது ஐபிடி. நம் ஊரில் அடிக்கடி காதில் விழும் ஐபிஎஸ் வேறு. ஐபிஎஸ்ஸில் குடல் இயங்கும் விதத்தில்தான் கோளாறு, புண் இருக்காது. ஐபிடியில் உடலின் எதிர்ப்புச் சக்தியே குடல் சுவரைத் தாக்குகிறது. அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் பெருங்குடலோடு நின்றுவிடும். கிரோன் நோய் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரலாம், பெரும்பாலும் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் வரும். இரத்தப்போக்கு, ஓயாத வயிற்றுப்போக்கு, எடை குறைவது, சிலருக்கு அறுவை சிகிச்சை. இது வந்தால் வாழ்நாள் முழுக்கக் கூடவே இருக்கும்.

இதற்கான மருந்துகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பின்னால் ஒவ்வொன்றும் வரப்போகிறது. மெசாலமைன், சல்ஃபாசலசைன் இரண்டும் குடலின் உள்பரப்பில் வேலை செய்பவை, எதிர்ப்புச் சக்தியைப் பெரிதாகத் தொடுவதில்லை. பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகள் நோய் கிளம்பும்போது சட்டென்று அடக்குபவை. அசாதயோப்ரின் மெதுவாக வேலை செய்து நீண்ட நாள் அடக்கி வைப்பது. அப்புறம் பயாலஜிக் ஊசிகள். இன்ஃப்ளிக்ஸிமாபும் அடாலிமுமாபும் டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தைத் தடுப்பவை. வெடோலிசுமாப் பெரும்பாலும் குடலில் மட்டும் வேலை செய்வது.

டி.என்.எஃப். தடுப்பு ஊசிகளின் மேல் பயம் வந்ததற்குக் காரணம் இருந்தது. உடலில் உறங்கிக்கிடக்கும் காசநோயை அவை எழுப்பிவிடும் என்பது முன்பே தெரிந்த விஷயம். அதனால்தான் முதல் ஊசிக்கு முன்னால் மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் கட்டாயம். ஒரு கிருமியை எழுப்பும் மருந்து இன்னொரு கிருமிக்கும் கதவைத் திறந்துவிடாதா என்று நினைப்பது இயல்புதான். இதோடு இன்னொரு செய்தியும் சேர்ந்துகொண்டது. கொரோனா கிருமி செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் ஏசிஇ2 என்ற புரதம் நுரையீரலில் மட்டும் இல்லை, சிறுகுடலின் உள்பரப்பில் ஏராளமாக இருக்கிறது. தொற்றியவர்களின் மலத்தில் கிருமியின் மரபுப்பொருள் கண்டுபிடிக்கப்பட்டது. பலருக்கு வயிற்றுப்போக்கும் இருந்தது. ஏற்கெனவே புண்ணாகிக் கிடக்கும் குடல் உள்ளவர் இதைப் படித்தால் என்ன நினைப்பார்? தன் குடல் கிருமிக்கு விரித்து வைத்த பாய் என்றுதான் நினைப்பார்.

பல நாடுகளில் சிலர் மருத்துவரைக் கேட்காமலே மருந்தை நிறுத்தினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தகவல் இல்லாத இடத்தைப் பயம் நிரப்பும்.

சேப்பல் ஹில்லில் தொடங்கிய பதிவேடு

2020 மார்ச் 13ஆம் தேதி, அமெரிக்காவின் சேப்பல் ஹில் ஊரிலுள்ள வட கரோலினா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் கப்பல்மேன், எரிக்கா பிரென்னர் ஆகியோரும், நியூயார்க் மவுண்ட் சினாயைச் சேர்ந்த ரயன் உங்காரோ, ழான்-ஃபிரெடெரிக் கொலொம்பெல் ஆகியோரும் சேர்ந்து ஒரு சர்வதேசப் பதிவேட்டைத் தொடங்கினார்கள். பெயர் செக்யூர்-ஐபிடி. வேலை எளிமையானது. ஐபிடி உள்ள ஒருவருக்குக் கொரோனா உறுதியானால், உலகில் எங்கிருந்தாலும் அவருடைய மருத்துவர் ஓர் இணையப் படிவத்தை நிரப்ப வேண்டும். வயது, பாலினம், என்ன நோய், எவ்வளவு தீவிரம், என்னென்ன மருந்து, வேறு நோய்கள் உண்டா, கடைசியில் என்ன ஆனது என்பதே கேள்விகள். நோயாளியை அடையாளம் காட்டும் எதையும் கேட்கவில்லை.

அதில் ஒரு விதி எனக்கு மிகவும் பிடித்தது. அறிகுறி தொடங்கி ஏழு நாளாவது ஆகியிருக்க வேண்டும், நோயாளி தேறினாரா இறந்தாரா என்று தெரிந்த பிறகே பதிவு செய்ய வேண்டும். அவசரம் தலைக்கேறியிருந்த காலத்தில் இப்படிப் பொறுத்திருக்கச் சொன்னது சாதாரண விஷயம் இல்லை. அரைகுறைப் பதிவுகள் குவிந்திருந்தால், பின்னால் வந்த எந்த எண்ணையும் நம்பியிருக்க முடியாது. சேர்ந்த தொகை எண்களைப் பொதுவில் எல்லாரும் பார்க்கும்படி வைத்ததும் நல்ல முடிவு. நோயாளிகளே போய்ப் பார்க்க முடிந்தது.

ஏப்ரல் 25 வரை, அதாவது ஆறு வாரத்தில், 33 நாடுகளிலிருந்து 525 பேரின் விவரம் சேர்ந்தது. நடு வயது 43. அவர்களில் 161 பேர், அதாவது 31 சதவீதத்தினர், மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஐசியூ, வெண்டிலேட்டர், இறப்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தால் அது தீவிர நோய் என்று கணக்கு. அப்படி 37 பேர், 7 சதவீதம். இறந்தவர்கள் 16 பேர், 3 சதவீதம்.

வயது, மற்ற நோய்கள் போன்றவற்றின் பங்கைக் கழித்துவிட்டு ஒவ்வொரு மருந்தாகப் பார்த்தபோதுதான் பதில் வந்தது. எல்லாரும் பயந்த டி.என்.எஃப். தடுப்பு ஊசிக்குத் தீவிர நோயின் வாய்ப்பு விகிதம் 0.9. அதாவது ஊசி போடுபவருக்கும் போடாதவருக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. ஸ்டீராய்டுக்கு 6.9. நோய் கிளம்பும்போதெல்லாம் கைக்கு எளிதாகக் கிடைக்கும், எத்தனையோ வீடுகளில் பழைய சீட்டை வைத்தே மருந்துக்கடையில் வாங்கிக்கொள்ளும் அந்தச் சின்ன வெள்ளை மாத்திரைக்கு!

இந்த எண்ணைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 6.9 என்பது நடு மதிப்பீடு. உண்மையான அளவு 2.3இலிருந்து 20.5 வரை எங்கும் இருக்கலாம் என்றுதான் ஆய்வு சொன்னது. தீவிரமானவர்கள் 37 பேர்தான் என்பதால் இவ்வளவு அகலம். ஆனால் கீழ் எல்லையே இரண்டு மடங்குக்கு மேல். அடுத்த ஆண்டு வெளியான, 47 நாடுகளின் 1,439 பேர் அடங்கிய இரண்டாம் ஆய்விலும் தீவிர நோய் 7.8 சதவீதம், முதல் ஆய்வை ஒட்டியே இருந்தது. பதிவேடு கடைசியில் 6,000 பேரைத் தாண்டியது. ஸ்டீராய்டைப் பற்றிய எச்சரிக்கை அதுவரை மாறவே இல்லை.

தொற்றுமா என்பது வேறு கேள்வி

இங்கே நிறையப் பேர் சறுக்குகிறார்கள். தொற்று வந்தால் தீவிரமாகுமா என்ற கேள்விக்குத்தான் செக்யூர்-ஐபிடி பதில் சொல்லும். ஐபிடி உள்ளவருக்கு மற்றவர்களைவிட எளிதில் தொற்றுமா என்பதற்கு அதனால் பதில் சொல்லவே முடியாது. தொற்றாத நோயாளிகள் அந்தப் பட்டியலில் இல்லை. நூறில் எத்தனை பேருக்கு வந்தது என்று சொல்ல அந்த நூறு பேரும் தெரிய வேண்டும். இன்னொன்று, லேசாக வந்து வீட்டிலேயே தேறியவரைப் பற்றி மருத்துவருக்கே தெரியாமல் போயிருக்கும். ஐசியூவில் கிடந்தவர் கட்டாயம் பதிவாகியிருப்பார். அதனால் மேலே சொன்ன 31 சதவீதம், 3 சதவீதம் எல்லாம் உண்மையைவிடச் சற்றுப் பெரிதாகவே இருக்கும். பொது மக்களோடு ஒப்பிட்டபோது இறப்பு விகிதம் 1.5இலிருந்து 1.8 மடங்காகத் தெரிந்தது. அதன் கீழ் எல்லை ஒன்றுக்குக் கீழே போனதால், ஐபிடி இருப்பதாலேயே இறப்பு கூடுகிறது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

தொற்றும் வாய்ப்பைப் பற்றி வேறு இடங்களிலிருந்து செய்தி வந்தது. இத்தாலியில் பெருந்தொற்று முதலில் கோரமாகத் தாக்கிய பெர்கமோ நகரில், ஒரு மருத்துவமனையின் கண்காணிப்பில் இருந்த 522 ஐபிடி நோயாளிகளில் மார்ச் கடைசி வாரம் வரை ஒருவர்கூடக் கொரோனா நோயாளியாகப் பதிவாகவில்லை. வூஹானில் 318 நோயாளிகளைப் பின்தொடர்ந்தபோதும் அதே முடிவு. ஐபிடி மருந்து கொரோனாவிலிருந்து காப்பாற்றுகிறது என்று சிலர் உற்சாகமாகிவிட்டார்கள். எனக்கு அந்த உற்சாகம் சரியாகப் படவில்லை. அந்த நாட்களில் பரிசோதனைக் கருவிகளுக்கே தட்டுப்பாடு. எச்சரிக்கை செய்யப்பட்ட நோயாளிகள் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருந்தார்கள். ஆனால் குடலில் ஏசிஇ2 இருப்பதால் இவர்கள் கூட்டங்கூட்டமாக விழப்போகிறார்கள் என்ற பயம் பொய்த்தது. பின்னால் வந்த பெரிய ஆய்வுகளும் ஐபிடி இருப்பதாலேயே தொற்று கூடுகிறது என்று காட்டவில்லை.

ஒரே மருந்து, இரண்டு முகங்கள்

ஸ்டீராய்டு ஆபத்து என்று மே மாதத்தில் படித்த நோயாளிக்கு ஜூன் 16ஆம் தேதி தலைசுற்றியிருக்கும். பிரிட்டனின் ரெகவரி ஆய்வு, டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொரோனா நோயாளிகளின் உயிரைக் காக்கிறது என்று அன்று அறிவித்தது. நாளொன்றுக்கு 6 மில்லிகிராம், அதிகம் போனால் பத்து நாள். வெண்டிலேட்டரில் இருந்தவர்களில் இறப்பு 41.4 சதவீதத்திலிருந்து 29.3 சதவீதமாகக் குறைந்தது.

முரண்பாடு போலத் தெரிகிறது, ஆனால் அதே ஆய்வின் அடுத்த வரியைப் படித்தால் தெளிந்துவிடும். ஆக்சிஜன் தேவைப்படாத நோயாளிகளிடம் டெக்ஸாமெத்தசோன் பலன் தரவில்லை. அவர்களில் மருந்து எடுத்தவர்களிடம் இறப்பு 17.8 சதவீதம், எடுக்காதவர்களிடம் 14.0. உறுதியாகத் தீங்கு என்று சொல்லும் அளவு வேறுபாடு இல்லை, ஆனாலும் அது போகும் திசையைக் கவனியுங்கள். முதல் வாரத்தில் கிருமி பெருகுகிறது, அப்போது எதிர்ப்புச் சக்தி விழித்திருந்தாக வேண்டும். இரண்டாம் வாரத்தில் சிலருக்கு அந்த எதிர்ப்புச் சக்தியே கட்டவிழ்ந்து நுரையீரலைத் தாக்குகிறது, அப்போது அதை அடக்க வேண்டும். தினமும் 30, 40 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் குடல் நோயாளியிடம் கிருமி வந்து சேரும் முதல் நாளே காவல்காரர் தூங்கிக்கொண்டிருக்கிறார்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஸ்டீராய்டு சாப்பிடுபவர் என்றால் அவருடைய குடல் நோய் கட்டுக்குள் இல்லை என்று பொருள். உடல் மெலிந்திருக்கும், சத்து குறைந்திருக்கும், இரத்தம் குறைந்திருக்கும். 6.9 என்பதில் மாத்திரையின் பங்கு எவ்வளவு, கிளம்பிய நோயின் பங்கு எவ்வளவு என்று முழுக்கப் பிரித்துக்காட்ட இந்த வகைப் பதிவேட்டால் ஆகாது. நோயாளியைப் பொறுத்தவரை இரண்டுமே ஒரே இடத்துக்குத்தான் இட்டுச் செல்கின்றன. கிருமிக்குப் பயந்து ஊசியை நிறுத்தினால் சில வாரங்களிலோ மாதங்களிலோ நோய் கிளம்பும். கிளம்பினால் ஸ்டீராய்டு எழுதுவார்கள். கொரோனாவின் ஆபத்தைக் கூட்டாத மருந்தை விட்டுவிட்டு ஆபத்தான மருந்தின் வாசலில் போய் நிற்கிறோம். இந்த நிகழ்விலேயே என்னை மிகவும் வருத்துவது இந்தச் சங்கிலிதான்.

டி.என்.எஃப். ஊசியின் கதை இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது. அதையே கொரோனாவுக்கு மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அமெரிக்காவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் நடந்த ஆக்டிவ்-1 ஆய்வில், மருத்துவமனையில் சேர்ந்த நோயாளிகளுக்கு ஒரே ஒரு டோஸ் இன்ஃப்ளிக்ஸிமாப் ஏற்றினார்கள். 28 நாளில் இறந்தவர்கள் வெற்று மருந்துப் பிரிவில் 14.5 சதவீதம், இன்ஃப்ளிக்ஸிமாப் பிரிவில் 10.1 சதவீதம். குணமாகும் வேகம் கூடவில்லை, ஆய்வின் முதன்மை நோக்கம் அதுதான் என்பதால் வெற்றி என்று அறிவிக்க முடியவில்லை. எப்படியிருந்தாலும், 2020 மார்ச்சில் ஊசிக்குப் போக நடுங்கியவர்களுக்கு இந்தச் செய்தியைக் கொண்டுபோய்க் கொடுக்க முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

அசாதயோப்ரின், மெசாலமைன்

1,439 பேர் ஆய்வில் புதிதாக வெளிவந்தது அசாதயோப்ரின் குடும்பம். டி.என்.எஃப். ஊசி மட்டும் போட்டவர்களோடு ஒப்பிட்டால், அசாதயோப்ரின் வகை மட்டும் சாப்பிட்டவர்களுக்குத் தீவிர நோயின் வாய்ப்பு 4.08 மடங்கு. ஊசியும் அந்த மாத்திரையும் சேர்த்து எடுத்தவர்களுக்கு 4.01. கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்களை அசாதயோப்ரின் குறைக்கும் என்பது பழைய செய்தி. நம் நாட்டுக்கு இது முக்கியம். பயாலஜிக் ஊசியின் விலை எட்டாதவர்களும், காசநோய்க்குப் பயந்து ஊசியைத் தள்ளிப்போடுபவர்களும் இங்கே ஆண்டுக்கணக்கில் நம்பியிருப்பது அசாதயோப்ரினையும் அவ்வப்போது ஸ்டீராய்டையும்தான்.

மெசாலமைன் ஒரு புதிர். எதிர்ப்புச் சக்தியைப் பெரிதாகத் தொடாத இந்த மருந்துக்கு முதல் ஆய்வில் 3.1 மடங்கு என்று வந்தது. உயிரியல் ரீதியாக இதற்குச் சரியான விளக்கம் யாரிடமும் இல்லை. இரண்டாம் ஆய்வில் அது 1.70 ஆகச் சுருங்கியது. எனக்குப் படுவது இதுதான்: மெசாலமைன் எடுக்காதவர்கள் என்ற எதிர்ப்பக்கத்தில் நிறையப் பேர் பயாலஜிக் ஊசி போடுபவர்கள். அவர்களுக்கு ஊசியால் கொஞ்சம் நன்மையே கிடைத்திருந்தால், ஒப்பீட்டில் மெசாலமைன் கெட்டது போலத் தெரியும். இந்த எண்ணைப் பார்த்து யாரும் மெசாலமைனை நிறுத்த வேண்டியதில்லை, மருத்துவ அமைப்புகளும் நிறுத்தச் சொல்லவில்லை.

முடிவுகள் மாறிய விதம்

பிரிட்டிஷ் குடல்நோய் மருத்துவர் சங்கம் நோயாளிகளை மூன்று ஆபத்துப் பிரிவுகளாகப் பிரித்தது. தினமும் 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ பிரெட்னிசோலோன் எடுப்பவர்கள் மிக அதிக ஆபத்துள்ள பிரிவில், வீட்டைவிட்டு வெளியே வராமல் இருக்க வேண்டியவர்கள். சர்வதேச ஐபிடி ஆய்வு அமைப்பும் இதே திசையில் பேசியது: தொற்று இல்லாதவர் மருந்தைத் தொடரலாம், ஸ்டீராய்டை மட்டும் முடிந்தவரை குறைக்க வேண்டும், நோய்க்கிருமி தொற்றியவருக்குச் சில மருந்துகளைச் சில நாள் நிறுத்தி வைக்கலாம்.

குறைக்க வேண்டும் என்றால் படிப்படியாக. நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தவரின் அட்ரீனல் சுரப்பி தன் வேலையையே மறந்துபோயிருக்கும். ஒரே நாளில் நிறுத்தினால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம், அதுவும் காய்ச்சல் இருக்கும்போது.

தடுப்பூசி வந்தபோது இன்ஃப்ளிக்ஸிமாப் மறுபடி பேச்சுக்கு வந்தது. பிரிட்டனின் கிளாரிட்டி ஐபிடி ஆய்வு, 92 மருத்துவமனைகளின் 6,935 நோயாளிகளில் இன்ஃப்ளிக்ஸிமாப் எடுப்பவர்களையும் வெடோலிசுமாப் எடுப்பவர்களையும் ஒப்பிட்டது. தொற்றின் அளவு இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் தொற்று உறுதியானவர்களில் எதிர்ப்புப் புரதம் உருவானது வெடோலிசுமாப் பக்கம் 83 சதவீதத்தினருக்கு, இன்ஃப்ளிக்ஸிமாப் பக்கம் 48 சதவீதத்தினருக்கு மட்டும். தடுப்பூசியின் முதல் டோஸுக்குப் பிறகும் இன்ஃப்ளிக்ஸிமாப் பக்கம் எதிர்ப்புப் புரதம் குறைவுதான். இரண்டாம் டோஸுக்குப் பிறகு பெரும்பாலோருக்கு உருவானது. அந்த ஆய்வில் பயன்பட்ட தடுப்பூசிகளில் ஒன்றான ஆக்ஸ்ஃபோர்டு தடுப்பூசிதான் இந்தியாவில் கோவிஷீல்டு. 2021 மே மாதத்தில், டெல்டா அலையின் நடுவே, இங்கே இரண்டு டோஸுக்கு இடைவெளி 12 முதல் 16 வாரமாக நீட்டப்பட்டது. பொது மக்களுக்கு அது பொருந்தியிருக்கலாம். இன்ஃப்ளிக்ஸிமாப் எடுப்பவர்களை ஒரே டோஸோடு மூன்று நான்கு மாதம் காக்க வைத்தது சரியில்லை என்பதே என் கருத்து. அவர்களுக்கென்று தனி ஏற்பாடு வேண்டியிருந்தது.

இன்றைக்கு ஒருவர் வந்தால்

கொரோனா இன்னும் இருக்கிறது, பெரும்பாலோருக்கு லேசாக வந்து போகிறது. ஐபிடி உள்ள ஒருவருக்குத் திடீரென்று வயிற்றுப்போக்கு கூடுகிறது, லேசான காய்ச்சலும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நோய் கிளம்பிவிட்டது என்று அவருக்கே தோன்றும், வீட்டில் மிச்சமிருக்கும் பிரெட்னிசோலோனை எடுத்துப் போட்டுக்கொள்ளக் கை போகும். கொரோனாவே வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். குடல் அழற்சியைக் காட்டும் கல்புரோடெக்டின் என்ற மலப் பரிசோதனை எண்ணைக்கூட அது உயர்த்திவிடும். முதலில் மூக்கில் சளி மாதிரி எடுத்துக் கொரோனா பார்க்க வேண்டும், மலத்தில் சி. டிஃபிசில் உள்ளிட்ட கிருமிகளைப் பார்க்க வேண்டும். பேக்ஸ்லோவிட் என்ற கொரோனா மாத்திரையை எழுதினால் அவர் ஏற்கெனவே சாப்பிடும் புடசோனைடு, டோஃபாசிட்டினிப் போன்ற குடல் நோய் மருந்துகளை மருத்துவரிடம் சொல்ல வேண்டும், அதிலுள்ள ரிட்டோனாவிர் அவற்றின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். பரிசோதனை முடிவுகள் வர ஓரிரு நாள் ஆகும். அந்த ஓரிரு நாள் பழைய மாத்திரைப் பெட்டியைத் திறக்காமல் இருக்க வேண்டும்.